அவித்த துடுப்பு

மூன்றாவது அடியில் துடுப்பு உடைந்தது.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்கு உள்ளே எங்கோ மெல்லிய சத்தம் கேட்டது. மூன்றாவதில் நுனி பறந்து போய் வரம்பில் விழுந்தது. நல்லரத்தினம் கையில் மிஞ்சிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் கொங்கிறீற் மதகில் ஓங்கி அடித்தார். அதுவும் இரண்டானது.

"என்ன நிஸ்தார், பப்படம் பொரிச்சிக் கொண்டந்திருக்காயா?"

நிஸ்தார் காக்கா வரம்பில் இறங்கினார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கினார்.

"அத ஏன் பொறுக்கிறாய்? காலால தள்ளு."

"குளத்துக்க போயிரும் அண்ணன். இறால் திண்டா நெஞ்சில குத்தும்."

"என்ட இறாலுக்கு நெஞ்சு வேற இருக்கா?" நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "பாரு தம்பி, நான் படிச்சவனில்ல. குளத்தில இறங்கிற சாமான் முதல்ல என்ட கையில நிண்டு பிடிக்கணும். மூண்டு அடி தாங்காதது மூண்டு மாசம் எப்பிடித் தாங்கும்?"

வவுணதீவில் வாவியோரமாக அவருக்கு ஐந்து இறால் குளங்கள். குளத்துக்கு இரண்டாகப் பத்துச் சக்கரங்கள் மிதக்கின்றன. மோட்டர் சுற்றும்போது துடுப்புகள் தண்ணீரை அடித்துச் சிதறவைக்கும். அப்படித்தான் தண்ணீருக்குள் காற்றுப் போகிறது. விடியும் வேளையில் சக்கரம் நின்றுவிட்டால் இறால் மேலே வந்து செத்து மிதக்கும். வெளிநாட்டுத் துடுப்புகள் ஒவ்வொன்றாக உடைந்தன, புதியவை வர மாதக்கணக்கானது. சக்கரத்துக்கு எட்டு, மொத்தம் எண்பது. ஏறாவூரில் நிஸ்தார் என்று ஒருவர் பிளாஸ்டிக் வார்க்கிறார் என்று கேள்விப்பட்டு நல்லரத்தினம் எங்களைத் தேடி வந்தது சித்திரையில். இப்போது ஆடி.

அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை கொட்டிலிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"குடிச்சிட்டு யோசி தம்பி. உடைஞ்சது துடுப்புத்தானே, ஆளில்லையே."

"ஆளும்தான் அக்கா," என்றார் நிஸ்தார் காக்கா.

அவர் சொன்னதில் மிகை இல்லை. அன்று சனிக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை அவருக்கு விமானம். ஒன்பது வருடம் வேலை செய்த கட்டார்க் கம்பெனி மறுபடி விசா அனுப்பியிருந்தது. அவருக்கும் அவர் மனைவி ஸுஹைனா ராத்தாவுக்கும் இடையில் பேசி முடித்தது இதுதான்: நல்லரத்தினம் துடுப்பை ஏற்றுக்கொண்டால் பயணம் இல்லை. ஏற்காவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஆள் இல்லை.

"மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு முன்னம் இறால் குஞ்சு விடணும்," என்றார் நல்லரத்தினம். "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கிறன். மறுகா என்னைக் குறை சொல்லாத."

நான் நிஸ்தார் காக்காவிடம் எட்டு மாதமாக வேலை செய்துகொண்டிருந்தேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக்கும் இரப்பரும் படித்தேன். பியகமவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். என் மனைவி மேனுகா விட்டுப் போன பிறகு அமிர்தகழியில் அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது. வேலை தெரிந்தவர் வேண்டும் என்று காக்கா சொன்னதாக யாரோ சொன்னார்கள். போனேன்.

மோட்டர் சைக்கிளில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ஆடி மாதத்தில் இந்தக் காற்று மேற்கிலிருந்து வரும். சூடானது, காய்ந்தது. உதடு வெடிக்கும். வீட்டுக் கதவுகள் சுருங்கி, மாரியில் இறுகிக் கிடந்த தாழ்ப்பாள்கள் தானாகத் திறக்கும்.

"சொல்லு தம்பி," என்றார் காக்கா, தலையைத் திருப்பாமல். "எங்க பிழ?"

"தெரியல்ல காக்கா."

"படிச்ச நீயே தெரியல்ல எண்டா, பாஸ்போட்ட எடுத்து வைக்க வேண்டியதுதான்."

பாலத்தின் கீழே ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். காக்கா வேகத்தைக் குறைத்து, வலை விரிந்து விழும் வரை பார்த்தார்.

"கட்டார்ல இதெல்லாம் கனவில வரும் டோ. கிட்டத்தில இரிக்கக்குள்ள பாக்கிறல்ல."

எங்கள் துடுப்புக்கு மூன்று பிறவி. முதல் பிறவி முழுக்க நைலோன். வாவியில் அறுந்து ஒதுங்கும் மீன் வலைகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் கழுவி, வெட்டி, உருக்கி வார்த்தோம். அப்போது நல்லரத்தினம் எதையும் அடித்துப் பார்க்கவில்லை. நம்பி நேரே குளத்தில் பூட்டினார். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. பிறகு நைலோன் தண்ணீரைக் குடித்து வீங்கியது. துடுப்பின் அடிப்பகுதி பருத்து, அதைப் பிடித்திருந்த வளையத்தையே வெடிக்கவைத்தது. அன்றைக்குத்தான் அவருக்கு எங்கள் சாமானை அடித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது.

தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக் ஒன்றைக் கலக்க வேண்டும் என்று நான் சொன்னேன். உடைந்த பிளாஸ்டிக் கதிரைகள் அப்படியானவை. வலை ஏழு பங்கு, கதிரை மூன்று பங்கு. எங்கள் பட்டறையில் இரண்டுக்கும் அதுதான் பெயர், வலை, கதிரை. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இரண்டாம் பிறவித் துடுப்பு நல்லரத்தினத்தின் முதல் அடியிலேயே முட்டைக்கோவா இலை மாதிரி படை படையாக உரிந்தது.

மூன்றாவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பை மருந்து எடுப்பித்தோம். அது ஒரு பக்கம் வலையையும் மறு பக்கம் கதிரையையும் பிடித்துக்கொள்ளும். நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ போதும். நிஸ்தார் காக்கா அதற்குக் கலியாணத் தரகர் என்று பெயர் வைத்தார். "இந்தத் தரகர் சோறும் கேக்க மாட்டார்," என்றார். அந்த முறை உரியவில்லை. உடைத்துப் பார்த்தால் உட்பக்கம் ஒரே சீராக இருந்தது. காக்கா நம்பிக்கையில் எண்பதையும் வார்த்து முடித்தார். அதில் ஒன்றுதான் மதகில் உடைந்தது.

ஏறாவூரில் காக்காவின் வீட்டுக்கு வரும்போது ஸுஹைனா ராத்தா முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய தொழில். சிவப்பு நெல் வாங்கி, ஊறவைத்து, பீப்பாவில் அவித்து, காயவைத்து, மில்லில் குத்தி, அரிசியாக விற்பார். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அவருடைய அரிசிதான். முற்றத்தின் ஒரு பாதி நெல்லுக்கு, மறு பாதி எங்கள் பட்டறைக்கு. நடுவில் ஒரு கொடிக் கயிறுதான் எல்லை.

அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். காக்காவின் கையில் இருந்த பையைப் பார்த்தார். துண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"உடைஞ்சிட்டா?"

"உடைஞ்சிட்டு."

"எத்தினையாவது அடி?"

"மூணு."

"போன தரம் ஒண்டுலதானே. அப்ப முன்னேற்றம்தான்," என்றார் ராத்தா. பிறகு அடுப்புக்கு விறகு தள்ளினார். கொஞ்ச நேரம் எழும்பவில்லை. புகை அந்தப் பக்கம் போகவில்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்தார்.

"இருங்க. சோறு போடுறன்."

பட்டறைக்கும் அடுப்புக்கும் இடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு, விரால் மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல், மாங்காய்ச் சம்பல். ராத்தா எனக்கு எப்போதும் இரண்டாவது அகப்பையை எடுப்பார். நான் எப்போதும் போதும் என்பேன். அன்றும் அப்படித்தான்.

"வினோத் தம்பிக்கி அரை வகுறுதான்," என்றார் ராத்தா. "மறு அரைய எங்க வெச்சிட்டு வாறீங்களோ தெரியா."

"விடு கா," என்றார் காக்கா.

"நான் என்ன, குத்திக் கதைக்கிறனா? சோத்தத்தான் கேக்கிறன்."

அவர் எழுந்து பீப்பாவுக்குப் போனார். நெல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஆவி பறக்க அள்ளி, முற்றத்தில் விரித்திருந்த படங்கில் கொட்டினார். ஒவ்வொரு அள்ளலுக்கும் பிறகு, ஒட்டிய நெல்லை உதிர்க்க, அள்ளும் தட்டைப் பீப்பாவின் இரும்பு விளிம்பில் அடித்தார்.

தொப்.

அள்ளினார், கொட்டினார். தொப்.

எனக்குக் கை சோற்றில் நின்றுவிட்டது. காலையில் மதகில் கேட்ட சத்தம் வேறு. அது பீங்கான். இது ஈரத் துணியை அடிப்பது போல் இருந்தது. ஆனால் அவர் கையில் இருந்தது அதே சாம்பல் நிறம், அதே வளைவு.

"ராத்தா, அது எங்கால?"

"எது?"

"கையில இருக்கிறது."

"இதா? ஒங்கட காக்கா எறிஞ்சது. நுனி சரியா வரல்ல எண்டு குப்பையில போட்டிருந்தார். எனக்கு நெல்லு அள்ளத் தோதா இரிக்கி. தகரத்தாலெண்டா கை சுடும்."

"எந்தத் தரம் வார்த்தது? ரெண்டாம் தரமா, மூண்டாம் தரமா?"

காக்கா எழுந்து போய்ப் பார்த்தார். பின்பக்கம் அவர் ஆணியால் கீறியிருந்த அடையாளம் இருந்தது. "மூணாம் தரம்," என்றார். "எண்பதோட வார்த்தது."

"எத்தின நாளா அள்ளுறீங்க?"

"பத்து நாளிரிக்கும். கொதிதண்ணிக்குள்ள வேலை. பொழுதுபட்டா நெல்லு ஊறுற தொட்டிக்குள்ளயே கிடக்கும்."

"தாங்க," என்றேன். "கிணத்துக் கட்டில ஒருக்கா அடிச்சுப் பாக்கணும்."

ராத்தா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "உடைச்சிப் போட்டு? நாளைக்கி நெல்லக் கையால அள்ளவா?"

"வேறொண்டு தாறன்."

"எழுபத்தொம்பது கிடக்கே உள்ள. அதுல ஒண்ட எடுத்து அடிங்க."

"அது உடையும் ராத்தா. இது உடையாது."

அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் நான் ஒன்றை உறுதியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். தட்டைத் தந்தார்.

கிணற்றுக் கட்டில் அடித்தேன். மூன்று. ஐந்து. பத்து. துடுப்பு அதிர்ந்து கையைக் கூசவைத்தது, உடையவில்லை. காக்கா வாங்கி அடித்தார். பட்டறைச் சுத்தியலால் அடித்தார். இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து அதன்மேல் ஏறிக் குதித்தார். அது வளைந்து, அவரைத் தூக்கிவிட்டு, திரும்ப நிமிர்ந்தது.

"அல்லாஹ்," என்றார் காக்கா. கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இது என்ன டோ?"

நான் பட்டறைச் சுவரைக் காட்டினேன். அங்கே சிவப்பு மையால் பெரிதாக எழுதியிருந்தது: ஈரம் ஆகாது.

அதை எழுதியவன் நான். வந்த முதல் கிழமையில் எழுதினேன். நைலோனை ஈரத்தோடு உருக்கினால் கெட்டுப்போகும். அதற்காகத்தான் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குள் சூடேற்றி வைத்து, வெட்டிய வலையை வார்க்கும் முன் காயவைத்தோம். எழுதியது அதற்கு மட்டும். ஆனால் ஒரு சுவரில் எழுதியதை அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள். வார்த்து முடித்த துடுப்புகளை ராத்தா நெல்லோடு படங்கில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் கச்சான் காற்றில் காயவைத்தார். காக்கா அவற்றைப் பொலித்தீன் பைகளில் போட்டு, பைக்கு ஒரு வறுத்த அரிசி முடிச்சும் வைத்துக் கட்டினார். உப்புச் சாடிக்கு வைப்பது போல.

நான் அதையெல்லாம் பார்த்தேன். பார்த்தது உள்ளே போகவில்லை.

"வார்க்கக்குள்ள தண்ணி ஆகாது காக்கா. வார்த்தாப் பிறகு கொஞ்சம் குடிக்கணும். குடிச்சாத்தான் நைலோன் வளைஞ்சு குடுக்கும். குடிக்காட்டி கண்ணாடி. குளத்தில ஒரு மாசம் கிடந்தா அதுவே குடிச்சிரும். ஆனா அண்ணன் அதுக்கு முதல் அடிக்கிறார்."

காக்கா யோசித்தார். யோசித்துவிட்டு என்னை மடக்கினார். "முதல் தரம் தண்ணி குடிச்சித்தானே வீங்கி, வளையம் வெடிச்ச?"

"அது முழுக்க வலை. கண்டபடி குடிச்சுது. இதில மூண்டு பங்கு கதிரை. கதிரை குடியாது, வலையையும் கனக்கக் குடிக்க விடாது."

"நல்ல பொஞ்சாதி மாதிரி," என்றார் ராத்தா.

"அப்ப தரகர் பிழையில்ல?"

"தரகர் பிழையில்ல. பிழை என்ட. எனக்குத் தெரிஞ்ச விசயம் இது. படிச்சது. சொல்லல்ல."

நெல் ஆவி எங்கள் மேல் வந்து போனது. பிறகு ராத்தா பீப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"இதுக்கா இவ்வளவு படிச்சீங்க? நெல்லும் அப்பிடித்தானே. பச்சையாக் குத்தினா குறுணலாப் போகும். ஊறப்போட்டு அவிச்சுக் குத்தினா முழுசு முழுசா வரும். என்னட்டக் கேட்டிருந்தா சித்திரையிலயே சொல்லியிருப்பன்."

"நீ கதைக்கிறத்துக்கு இடம் தந்தாத்தானே," என்று காக்கா தொடங்கி, தான் சொல்வது தன்மேலேயே விழுவதை உணர்ந்து நிறுத்தினார். "சரி. அவிப்பம்."

ஞாயிறு காலையில் எட்டுத் துடுப்புகளைப் பீப்பாவில் போட்டோம். ஒரு சக்கரத்துக்கு எட்டு. முதலில் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். முந்நூற்றுப் பத்துக் கிராம். ராத்தா தீயைப் பார்த்துக்கொண்டார். எனக்கும் காக்காவுக்கும் அதில் இடம் தரவில்லை.

வேலிக்கு அப்பால் ஆயிஷா உம்மாவின் தலை தெரிந்தது. அந்தத் தெருவில் ராத்தாவின் அரிசியை முதலில் வாங்குபவர் அவர்.

"என்ன ஸுஹைனா, இண்டைக்கி நெல்லு வாசம் வரல்ல?"

"நெல்லில்ல மாமி, துடுப்பு அவிக்கிறன்."

"துடுப்பா? உப்புப் போட்டியா?"

"போடல்ல."

"மஞ்சளும் கொஞ்சம் போடு. நிஸ்தார்ட இரைப்பைக்குத் தோது." தலை மறைந்தது. பிறகு மறுபடி வந்தது. "வெந்தா ஒரு துண்டு இஞ்சால தா."

பத்து மணிக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு மணித்தியாலம் கொதித்த பிறகு தீயை இழுத்தோம். மூடி போட்டு, அதே தண்ணீரில் மறுநாள் காலை வரை ஆறவிட்டோம். திங்கட்கிழமை எடுத்துத் துடைத்து நிறுத்தேன். முந்நூற்றுப் பதினெட்டு. அடிப்பகுதியை அளந்தேன். வளையத்துக்குள் கையால் தள்ளவே போனது. இறுகவில்லை.

"எட்டுக் கிராம் தண்ணி," என்றார் காக்கா. "எட்டுக் கிராம் தண்ணிக்காகவா நான் கட்டாருக்குப் போக இரிந்த?"

அன்று ராத்தாவும் வந்தார். அவித்தவர் வராமல் எப்படி என்று கேட்டார். ஓட்டோ பிடித்தோம். துடுப்புகளை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கச்சான் காற்றில் அவை காய்ந்துவிடுமோ என்று வலையிறவு வரை சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரே நாளில் காயாது என்று நான் சொன்னேன். "நீங்க சொல்லாம விட்ட ஆள்தானே," என்றார்.

நல்லரத்தினம் மதகடியில் காத்திருந்தார். சீதேவிப்பிள்ளை தாம்பாளத்தில் தேங்காயும் கற்பூரமும் வைத்திருந்தார். குளத்துக்குப் புதுச் சாமான் பூட்டும்போது அவர் தேங்காய் உடைப்பார். சனிக்கிழமை அதை உடைக்காமல் திரும்ப உள்ளே கொண்டுபோனது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கொண்டா பப்படத்தை," என்றார் நல்லரத்தினம்.

அடித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு முன்னால் ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று. நான்கு. நல்லரத்தினம் நின்று துடுப்பைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொட்டில் கம்பியில் போட்டார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மதகின் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது.

"மதகு உடையுது," என்றார் சீதேவிப்பிள்ளை.

"மதகு பழசு." அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்குத் தோள் போகுது. நீ அடி புள்ள."

"எனக்கு வேற வேலையில்ல?"

"லான்மாஸ்டர ஏத்துங்க அண்ணன்," என்றார் நிஸ்தார் காக்கா. அவர் குரல் மாறியிருந்தது. கடைத்தெருவில் துணி விற்பவர் குரல். "ஏத்துங்க. நான் பக்கத்தில நிக்கிறன்."

வரம்பில் துடுப்பை வைத்து உழவு இயந்திரத்தை அதன்மேல் ஓட்டினார்கள். மண்ணில் புதைந்தது. தோண்டி எடுத்துக் கழுவினால் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. நல்லரத்தினம் அதை முகத்துக்கு நேரே பிடித்து, தேவையில்லாமல் முகர்ந்தும் பார்த்தார்.

"நெல்லு மணக்குது."

"அவிச்ச பீப்பா அப்பிடி," என்றார் ராத்தா.

சக்கரத்தில் எட்டுப் பூட்டினோம். வளையத்தில் ஒவ்வொன்றும் சரியாக உட்கார்ந்தது. சீதேவிப்பிள்ளை கற்பூரம் ஏற்றினார். தேங்காயை எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"கத்தி எங்க?"

"கொட்டில்ல."

"ஆர் போற? மதகில உடைப்பம் எண்டா அதையும் உடைச்சு வெச்சிருக்கீங்க." கீழே கிடந்த அந்தத் துடுப்பை எடுத்தார். அடித்ததும் மிதித்ததும் போதும் என்று நாங்கள் பூட்டாமல் விட்டது. அதற்குப் பதிலாகச் சக்கரத்தில் இருந்தது, ராத்தா கையோடு கொண்டுவந்து மனமில்லாமல் தந்த நெல் தட்டு. நுனி குறைந்திருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு மட்டும் என்று சொல்லித்தான் தந்திருந்தார்.

சீதேவிப்பிள்ளை தேங்காயை இடது உள்ளங்கையில் வைத்து, துடுப்பின் தடித்த அடிப்பக்கத்தால் நடுவில் ஒன்று போட்டார். சுழற்றி இன்னொன்று. மூன்றாவது அடியில் தேங்காய் இரண்டாகப் பிளந்து, தண்ணீர் நல்லரத்தினத்தின் வெறும் நெஞ்சில் தெறித்தது.

"மூண்டாவது அடி," என்றார் சீதேவிப்பிள்ளை. "உடைஞ்சிட்டு."

நான் சிரித்தேன் என்று நிஸ்தார் காக்கா பிறகு எல்லோரிடமும் சொன்னார். எனக்கு நினைவில் இருப்பது வயிறு வலித்ததுதான். நல்லரத்தினம் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே மோட்டரைப் போட்டார். சக்கரம் முதலில் தயங்கியது. பிறகு எட்டும் சேர்ந்து தண்ணீரை அடித்தன. தூறல் எங்கள் மேல் வந்தது. ஸுஹைனா ராத்தா ஓடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அப்படியே நின்று நனைந்தார்.

"என்ட தட்டுத்தான் முன்னால போகுது," என்றார்.

அன்று மத்தியானம் கொட்டிலில் இறால் குழம்பு. ராத்தாவுக்கும் காக்காவுக்கும் சீதேவிப்பிள்ளை புதுச் சட்டி வைத்து ஆக்கியிருந்தார். ராத்தா என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது அகப்பைக்கு நான் போதும் என்று சொல்லவில்லை.

"மிச்சம் எப்ப?" என்றார் நல்லரத்தினம்.

"எழுபத்திரெண்டு. புதனுக்குக் கொண்டாறன்."

"புதனெண்டா புதன். குஞ்சுக்குச் சொல்லிப்போடுவன்."

திரும்பி வரும் வழியில் ராத்தா பாலம் வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப கம்பெனிக்கிச் சொல்லிரலாம்தானே?"

காக்கா வாவியைப் பார்த்தார். "பாப்பம். விசா திரும்பக் கிடைக்கிற லேசில்ல. இது ஒரு ஆள்ட ஓடர்தானே. அடுத்த வருசம் அவர் இறால விட்டுட்டு நண்டு வளத்தா?"

"நண்டுக்கும் காத்து வேணும்," என்றேன்.

"பாப்பம்," என்றார் காக்கா மறுபடி.

ராத்தா காலியான ஈரச் சாக்கை எடுத்தார். ஏறாவூர் வரை அதையே மடித்துக்கொண்டிருந்தார்.

மதகில் உடைந்ததற்குப் பதிலாக ஒன்று வார்த்து, செவ்வாய் முழுதும் அவித்தோம். ஒரு முறைக்கு இருபத்துநாலு, மூன்று முறை. கொதித்தவற்றை நெல் ஊறும் தொட்டியில் அடுக்கினோம். அன்று அந்தத் தெருவில் யாருக்கும் அரிசி இல்லை. ஆயிஷா உம்மா வேலியில் வந்து, துடுப்பு வாங்கிச் சமைக்கவா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த எழுத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். வார்த்த பிறகு ஆகும். காக்கா அதைத் தள்ளி நின்று வாசித்துவிட்டு, எழுத்துக் கொஞ்சம் கோணல் என்றார். கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. கைபேசியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் வைத்ததைப் பார்த்தேன்.

புதன் காலையில் நான் போகும்போது ஓட்டோ வாசலில் நின்றது. காக்கா துடுப்புகளைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடியோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டியது.

"சாக்குத் தா ஸுஹைனா."

"சாக்கு இல்ல. எல்லாத்திலயும் நெல்லு."

"மறுகா எதில கொண்டுபோற?"

ராத்தா உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பயணத்துக்கு அடுக்கியிருந்த துணிகள் மெத்தையில் விழும் சத்தம். வெளியே வரும்போது சக்கரம் வைத்த பெரிய நீலப் பேக்கை இழுத்துக்கொண்டு வந்தார். கட்டாரிலிருந்து வந்தபோது ஒட்டிய விமானச் சீட்டு இன்னும் பிடியில் தொங்கியது. முற்றத்தில் நெல்லுக்கும் பட்டறைக்கும் நடுவில் அதைப் படுக்கவைத்துத் திறந்தார். வெறுமையாக இருந்தது. ஒரு சவர்க்காரக் கட்டி மட்டும் மூலையில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

காக்கா கையில் ஒரு துடுப்போடு நின்றார்.

"எத்தின கிலோ விடுவான் பிளேன்ல?" என்று கேட்டார் ராத்தா.

"முப்பது."

"வினோத் தம்பி, இது எவ்வளவு வரும்?"

எழுபத்திரண்டை முந்நூற்றுப் பதினெட்டால் பெருக்கினேன். "இருபத்திமூண்டு கிட்ட."

"அப்ப விடுவான்."

முதல் ஐந்தை எடுத்து அப்படியே, சொட்டச் சொட்ட, பேக்குக்குள் வைத்தார். உட்துணியில் ஈரம் கறுப்பாகப் பரவியது. அடுத்த ஐந்து. நானும் எடுத்துக் கொடுத்தேன். வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று நன்றாக உட்கார்ந்தன.

"ஸுஹைனா," என்றார் காக்கா. "பேக் பழுதாப் போகும். ஈரம் ஊறினா பூஞ்சணம் பிடிக்கும். மறுகா ஒண்டுக்கும் உதவா."

"பிடிக்கட்டும்."

காக்கா கையில் இருந்த துடுப்பைப் பார்த்தார். அதைக் கிணற்றுக் கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். தொப் என்றது. குனிந்து மற்றவற்றின் மேல் வைத்தார்.

மூடி மூட மறுத்தது. ராத்தா அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். நான் சிப்பை இழுத்தேன்.